கடைசிக் கரண்டியில் கெடுகிற சாப்பாடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை வந்தால் ஏற்காட்டு மலைப்பாதையில் வண்டிகள் வரிசை கட்டும். கூடவே உணவகங்களின் சுத்தம், விலை, திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் பற்றிய கடிதங்களும் இந்தப் பக்கத்துக்கு வரும். அதிகம் யாரும் எழுதாத ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். பால், தயிர், மோர், நெய், வெண்ணெய், முட்டை, தேன் எதையும் சேர்க்காத நனிசைவக்காரர்கள் (வீகன் என்று சொன்னால்தான் பலருக்கும் புரிகிறது) சேலத்திலும் மலையிலும் வெளியே எப்படிச் சாப்பிடுவது, அதற்கு உணவகக்காரர்கள் காசு செலவில்லாமல் என்ன செய்யலாம் என்பதுதான் விஷயம்.

ஐந்து ரோட்டிலோ அஸ்தம்பட்டியிலோ ஏதாவது ஒரு டிபன் கடையின் பலகையைப் படித்துப் பாருங்கள். இட்லி, தோசை, ஊத்தப்பம், இடியாப்பம், பூரி, அடை, மெதுவடை. அரிசி, உளுந்து, பருப்பு, தேங்காய், புளி, மிளகாய், எண்ணெய் என்பதோடு முடிந்துவிடுகிற சமையல் இது. பாலும் நெய்யும் இதில் பெரும்பாலும் மேலே ஊற்றுகிற சங்கதி. அடுப்பிலிருந்து இறங்கும்போதோ இலைக்கு வரும்போதோதான் அந்தக் கரண்டி வந்து சேர்கிறது. அதனால் சேலத்து ஓட்டலில் நனிசைவக்காரர் புதுப் பலகாரம் எதையும் செய்யச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கரண்டியை நிறுத்தச் சொன்னால் போதும். எந்தக் கரண்டியை, யாரிடம், எப்போது சொல்வது என்று தெரியாமல்தான் பலர் வாழைப்பழமும் கடலைமிட்டாயும் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள்.

முதல் சிக்கல் சொல்லில். 'வீகன்' என்றால் பரிமாறுகிற தம்பி, "நம்மது சுத்த சைவம்ங்க, தைரியமா சாப்பிடுங்க" என்பார். அவர் சொல்வதில் தப்பில்லை. சட்டமே அப்படித்தான். பாக்கெட்டில் சைவம் என்று காட்டப் போடும் பச்சைப் புள்ளிக்கு இறைச்சியும் முட்டையும்தான் ஆகாது. பாலும் பால் பொருளும் தேனும் இருக்கலாம். நனிசைவத்துக்கென்று தனி விதிமுறையை உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2022இல்தான் கொண்டுவந்தது. அதற்கான முத்திரை பச்சை நிறத்தில் ஆங்கில 'வி' எழுத்தும் அதன் மேல் ஓர் இலையும். பாக்கெட் பொருளில் அதைத் தேடலாம். தோசையின் மேல் யாரும் ஒட்டித்தர மாட்டார்கள்.

'நெய் வேணாம்' என்று மட்டும் சொன்னால் கொலஸ்ட்ரால் ஆசாமி என்று நினைத்துக்கொண்டு, "வெண்ணெய் வச்சுத் தரட்டுங்களா?" என்று கேட்கிறவரும் உண்டு. 'பால் வேணாம்' என்றால் தயிர் வரும். சமையல்கட்டைப் பொறுத்தவரை பாலும் தயிரும் மோரும் நெய்யும் வெவ்வேறு பாத்திரத்தில் இருக்கிற வெவ்வேறு பொருட்கள். ஆகவே பெயரைச் சொல்லி ஒவ்வொன்றாக எண்ணிக் கேட்பதுதான் வழி: "பால், தயிர், மோர், நெய், வெண்ணெய் அஞ்சும் இல்லாம வேணும்." சைவ ஓட்டலில் இந்த ஐந்து போதும். அசைவமும் உள்ள கடையில் முட்டையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேட்கிற விதத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. "சாம்பார்ல நெய் இருக்குங்களா?" என்றால் கூட்ட நேரத்தில் "இல்லைங்க" என்ற பதில்தான் வரும். "சாம்பாருக்கு எதுலங்க தாளிச்சீங்க?" என்று கேளுங்கள். அதற்கு ஆமாம், இல்லை என்று பதில் சொல்ல முடியாது. தெரியாதவர் உள்ளே போய் மாஸ்டரிடம் கேட்டு வருவார். "எண்ணெய்லதாங்க, எறக்கும்போது ரெண்டு கரண்டி நெய் விடுவாரு" என்று முழு விவரமும் வரும். இந்த ஒரு கேள்வியை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

சிலர் 'பால் அலர்ஜி' என்று பொய் சொல்வதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைக்கிறார்கள். வேண்டாம். அலர்ஜி என்று சொல்லிவிட்டுப் பக்கத்து இலை மைசூர்பாகை எடுத்து வாயில் போடுகிறவரைப் பார்த்த பரிமாறுநர், நாளைக்கு உண்மையிலேயே மூச்சு முட்டுகிற குழந்தைக்கு அந்த வார்த்தையைச் சொன்னால் நம்ப மாட்டார்.

தோசைக்கல்லுக்கு வருவோம். பெரிய ஓட்டலில் ஒரே கல்லில் ஐந்தாறு தோசை ஒன்றாக வேகும். மாஸ்டர் தண்ணீர் தெளித்து, தென்னந்துடைப்பத்தால் ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு, மாவை ஊற்றித் தேய்க்கிறார். வலது கைப் பக்கம் மூடியில் ஓட்டை போட்ட எண்ணெய் டின், அதை ஒட்டி நெய்க் கிண்ணமும் கரண்டியும். நெய் ரோஸ்ட்டுக்கு விட்ட நெய் உருகிப் பக்கத்துத் தோசையின் ஓரம் வரை ஓடும். துடைப்பம் அதையும் சேர்த்துத்தான் இழுக்கிறது. ஆக 'எண்ணெய் தோசை' என்று சொல்லி வாங்கினாலும் கல்லின் நடுவில் ஊற்றினால் நெய் வாசம் ஒட்டத்தான் செய்யும். இதற்குப் பரிகாரம் கல்லின் ஓரம். "ஓரத்துல ஊத்தி, எண்ணெய் மட்டும் விடுங்கண்ணா" என்றால் எந்த மாஸ்டருக்கும் புரியும். ஓட்டல்காரர்கள் இன்னும் ஒரு படி போய், கல்லின் இடது ஓரத்தை எண்ணெய்க்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டால் கேட்க வேண்டிய வேலையே இல்லை. காலை பத்து மணிக்கு மேல் கல்லின் ஓரம் பெரும்பாலும் காலியாகத்தான் கிடக்கிறது.

மாவிலேயே மோர் கலந்தவற்றுக்கு இந்த வித்தை பலிக்காது. ரவா தோசைக் கரைசலில் புளித்த மோர் ஊற்றுவது பல கடைகளின் வழக்கம். ரவா இட்லிக்குத் தயிர் இல்லாமல் ஆகாது என்றே மாஸ்டர்கள் நினைக்கிறார்கள். ரவா தோசைக்கு வேண்டியது புளிப்பு. அதை மோர்தான் தர வேண்டும் என்பதில்லை. முந்தின நாள் தோசை மாவு ஒரு கரண்டி அந்தப் புளிப்பைத் தரும், மொறுமொறுப்பும் குறையாது. வெண்பொங்கல், கேசரி இரண்டையும் விட்டுவிடுங்கள். அவற்றில் நெய் கடைசிக் கரண்டி அல்ல, முதல் கரண்டி. சில கடைகளில் அது நெய்யே இல்லை, டால்டா. தாவர எண்ணெயைக் கெட்டியாக்கியது. பொருள் கணக்கில் நனிசைவம்தான், உடம்புக் கணக்கில் வேறு பேச்சு. அடை நல்ல உணவு. ஆனால் கூட வரும் அவியலில் தயிர் இருக்கும், மேலே ஓர் உருண்டை வெண்ணெய் உட்கார்ந்திருக்கும். அடைக்குத் தேங்காய்ச் சட்னியும் வெல்லமும் கேளுங்கள். அவியலுக்குத் தயிருக்குப் பதிலாக மாங்காய் போட்டு இறக்குவது தெரியாத கை அல்ல. மல்கோவாவுக்குப் பேர்போன மாவட்டத்தில் மாங்காய்க்கா பஞ்சம்?

தேங்காய்ச் சட்னியும் தக்காளிச் சட்னியும் பயமில்லை. வடநாட்டு வகை உணவோடு தரும் பச்சைப் புதினாச் சட்னியில் மட்டும் தயிர் அடித்திருப்பார்கள். பூரிக்குப் பிரச்சினை குறைவு; சோலா பூரி என்றால் மாவில் தயிர். நான் ரொட்டி, குல்ச்சா இரண்டும் அதே காரணத்தால் வேண்டாம். தந்தூரி ரொட்டி பெரும்பாலும் கோதுமை, உப்பு, தண்ணீர்தான். அடுப்பிலிருந்து எடுத்ததும் பிரஷ்ஷால் வெண்ணெய் தடவுகிற பழக்கம் கையிலேயே ஊறியிருப்பதால், ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

மதியச் சாப்பாட்டில் சிக்கல் வேகத்தில் இருக்கிறது. இலை போட்டு, பொரியல், கூட்டு வைத்து, சாதம் விழுந்ததும் பருப்புப் பொடி. நீங்கள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் நெய்க் கரண்டி கவிழ்ந்திருக்கும். இலையில் நெய் விடுவது நம் ஊரில் மரியாதை. மறுப்பை எதிர்பார்த்து யாரும் நிற்பதில்லை. சாதம் விழும்போதே இடது உள்ளங்கையை அதன் மேல் குடையாகப் பிடித்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்வதைவிட அந்தக் கை வேகமாகப் பேசும். பொடிக்கு நல்லெண்ணெய் கேட்டால் சமையல்கட்டில் கட்டாயம் இருக்கும்.

பிறகு வரிசையாக வருபவற்றில் வத்தக்குழம்புதான் நனிசைவக்காரரின் ஆபத்பாந்தவன். அதற்கு நல்லெண்ணெய்தான் அழகு. அதில் நெய் ஊற்றுகிற மாஸ்டரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ரசத்துக்கு நெய்யில் தாளிப்பது அதிகம், கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டில் சுரைக்காய், பூசணி என்றால் சிலர் ஒரு டம்ளர் பால் விடுவார்கள். மோர்க்குழம்பு பெயரிலேயே சொல்லிவிடுகிறது. பெயரிலேயே சொல்லியும் பலர் கோட்டை விடுவது மோர்மிளகாயில்தான். உப்புப் போட்ட மோரில் ஊறி ஊறி வெயிலில் காய்ந்த மிளகாய் அது. வறுத்துக் கறுத்து வந்து நிற்கும்போது மோர் நினைவுக்கு வருவதில்லை. சுண்டைவற்றலும் அப்படித்தான். அப்பளம் உளுந்து மாவு, கவலை இல்லை. ஜவ்வரிசி வடகத்தில் சிலர் எலுமிச்சை பிழிவார்கள், சிலர் மோர் ஊற்றுவார்கள். எல்லாம் ஒரே வாணலி எண்ணெயில் பொரிகிறதே என்றால், அந்த எல்லைக்கோட்டை அவரவர்தான் போட்டுக்கொள்ள வேண்டும். எண்ணெய்ச் சட்டி வரைக்கும் விசாரித்தால் வெளியே சாப்பிட முடியாது என்பது என் அபிப்பிராயம்.

பார்சல் சாப்பாடு வாங்கினால் தயிர், மோர், பாயசம் மூன்றும் பொட்டலமாகக் கூடவே வரும். வீட்டுக்குப் போய்க் கொட்டுவதைவிட, கட்டும்போதே எடுத்துவிட்டு அதற்குப் பதில் ஒரு பொரியலும் ஒரு ரசமும் கூடுதலாக வையுங்கள் என்றால் முகம் சுளிக்கிற கடை குறைவு. அவர்களுக்கும் லாபம்தான்.

பாயசத்தைப் பற்றி இரண்டு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஜவ்வரிசிக்கு இந்த ஊரைவிடப் பெரிய ஊர் கிடையாது. குச்சிக்கிழங்கு (மரவள்ளி) விளைகிற மண், 1981 முதல் ஜவ்வரிசி உற்பத்தியாளர்களின் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம், 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு. இவ்வளவும் இருந்தும் நம் ஓட்டல் ஜவ்வரிசிப் பாயசம் பாலும் சர்க்கரையுமாகவே இருக்கிறது. தேங்காய்ப்பாலும் வெல்லமும் போட்டால் மாஸ்டருக்கே வேலை சுலபம். கொதிக்கிற மாட்டுப்பாலில் வெல்லப்பாகு விழுந்தால் திரிந்துவிடும். தேங்காய்ப்பால் அப்படித் திரிவதில்லை. கணக்கு இது: ஜவ்வரிசி 100 கிராம், வெல்லம் 150 கிராம், பெரிய தேங்காய் ஒன்று. முதல் பால் 200 மில்லி கெட்டியாகப் பிழிந்து தனியே வையுங்கள். இரண்டாம், மூன்றாம் பால் சேர்த்து 600 மில்லி. ஜவ்வரிசியை அரை மணி ஊறவைத்து, இந்த நீர்த்த பாலில் மணி மணியாகக் கண்ணாடி போல் ஆகும்வரை வேகவிட்டு, கரைத்து வடிகட்டிய வெல்லத்தை ஊற்றி ஒரு கொதி. அடுப்பை அணைத்த பிறகு முதல் பாலும் ஏலக்காயும். தேங்காய் எண்ணெயில் சிவக்க வறுத்த தேங்காய்ப்பல் மேலே.

இதில் தவறுவது இரண்டு இடத்தில். முதல் பாலை ஊற்றிக் கொதிக்கவிட்டால் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். இன்னொன்று ஓட்டலுக்கே உரிய தொல்லை: பதினொரு மணிக்குச் செய்தது இரண்டு மணிக்குக் களியாக நிற்கும், ஜவ்வரிசி ஆற ஆறத் தண்ணீரை இழுக்கும். மொத்தமாகக் கலக்காமல், வெல்லம் சேர்ந்த ஜவ்வரிசியைத் தனியாகவும் முதல் பாலைத் தனியாகவும் வைத்து, ஒவ்வொரு பந்திக்கும் கொஞ்சம் வெந்நீர் விட்டு இளக்கிக் கலந்தால் கடைசி இலை வரை ஒரே பதம்.

அசைவமும் சேர்ந்த கடைகளில் கவனம் வேறு. பரோட்டா மைதா மாவுதானே என்று உட்கார்ந்துவிடக் கூடாது. மாவு பிசையும்போது மென்மைக்கும் சிவப்புக்கும் முட்டையோ பாலோ விடுகிற மாஸ்டர்கள் ஏராளம். இரண்டும் இல்லாமல் பரோட்டா வரும். ஒரு கிலோ மைதாவுக்கு 550 முதல் 600 மில்லி தண்ணீர், உப்பும் சர்க்கரையும் தலா 20 கிராம் அளவில், எண்ணெய் 100 மில்லி. பிசைந்து, உருண்டை பிடித்து, எண்ணெயில் இரண்டு மணி நேரம் ஊற வேண்டும். ஊற விடாத மாவுதான் வீசும்போது கிழிகிறது; அந்த அவசரத்தை மறைக்கத்தான் முட்டை. சால்னாவை நம்பாதீர்கள். 'வெஜ் சால்னா' என்று தனிச் சட்டி இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பல இடங்களில் ஒரே குழம்பில் துண்டு இல்லாமல் மொண்டு ஊற்றுவதற்குத்தான் அந்தப் பெயர். குஸ்காவும் அதே கதை: பிரியாணித் தேக்சாவில் கறியோடு வெந்த சோறு, கறியை மட்டும் எடுத்துவிட்டால் சைவமாகிவிடாது. வெஜ் பிரியாணி தனியாகச் செய்திருந்தாலும் தயிரும் நெய்யும் உள்ளே இருக்கும். வண்டிக்கடை காளானில் அநேகமாக முட்டைக்கோசும் மைதாவும்தான், தயிர் இல்லை. கோபி 65 மாவில் முட்டை உண்டா என்று கேட்டுவிடுங்கள். ஃப்ரைட் ரைஸ் போடும் வாணலியில் சற்று முன் முட்டை உடைந்திருக்கும். கழுவிப் போடச் சொன்னால் சலிப்பார்கள், ஆனால் செய்வார்கள்.

இந்த ஊரில் நனிசைவக்காரருக்கு ராஜ உபசாரம் தட்டுவடை செட் கடையில்தான். செவ்வாய்ப்பேட்டை, அம்மாப்பேட்டை, குகைப் பக்கம் மாலையில் நடந்தால் தெருவுக்கு ஒன்று. ஒரு கடி அளவுத் தட்டுவடை. அதன் மேல் பூண்டு போட்ட சிவப்புச் சட்னி ஒரு தடவல், புதினா கொத்தமல்லிப் பச்சைச் சட்னி ஒரு தடவல், துருவிய பீட்ரூட், கேரட், பொடியாக நறுக்கிய வெங்காயம், மாங்காய் கிடைக்கிற காலமானால் அதுவும் ஒரு சிட்டிகை. இன்னொரு தட்டுவடையை மூடி, கட்டைவிரலால் லேசாக ஓர் அழுத்து. உடனே வாயில் போட வேண்டும், ஐந்து நிமிடம் விட்டால் காய்த் தண்ணீரில் நமுத்துவிடும். நொறுக்கலும் அதே சரக்கு, நொறுக்கிப் பொரியோடு கலந்தது. விசாரிக்க வேண்டியது ஒன்றே: தட்டுவடை மாவில் கரகரப்புக்கு விட்டது காய்ந்த எண்ணெயா, டால்டாவா, வெண்ணெயா? முட்டை செட், சீஸ் செட் போடுகிற கடையில் கத்தியும் பலகையும் ஒன்றுதான் என்பதையும் நினைவில் வையுங்கள். பச்சைச் சட்னியில் இங்கே தயிர் சேர்ப்பதில்லை. சேர்த்தால் வடை இன்னும் சீக்கிரம் நமுக்கும், கடைக்காரருக்கே நட்டம்.

வெயில் காலத்தில் ஓரக்கடைக் கம்பங்கூழும் ராகிக்கூழும் உண்டு. உருண்டையாக வைத்திருப்பதைக் கரைக்கும் நொடியில்தான் மோர் ஊற்றுகிறார்கள். சட்டியில் கை வைப்பதற்கு முன்னால் "தண்ணி ஊத்திக் கரைங்கக்கா" என்று சொல்லிவிட்டால் உப்பும் சின்ன வெங்காயமுமாக அருமையான கூழ். தொட்டுக்கொள்ள மாங்காய் எடுங்கள். மோர்மிளகாய் இங்கேயும் காத்திருக்கும்.

டீக்கடையில் வரக்காப்பி, சுக்குமல்லிக் காப்பி, எலுமிச்சை டீ மூன்றும் கிடைக்கும். மாஸ்டர் எல்லாவற்றையும் ஒரே குவளையில் ஆற்றுவார், அதன் உட்புறம் முழுக்கப் பாலாடைப் படலம். "ஆத்த வேணாங்க, டம்ளர்லயே கலக்கிக் குடுங்க" என்பதுதான் அங்கே மந்திரம். டிகாஷன் அளவையும் சொல்ல வேண்டும். பாலுக்கென்று கெட்டியாக இறக்கிய டிகாஷனை அதே அளவில் வெந்நீரில் கலந்தால் சிக்கரியின் கசப்பு தூக்கலாக நிற்கும். 30 மில்லி டிகாஷனுக்கு 120 மில்லி வெந்நீர் என்றால் குடிக்கலாம். எலுமிச்சை டீயில் தேன் விடுகிற புது நாகரிகம் வந்திருக்கிறது, சர்க்கரை போதும் என்று சொல்லுங்கள். சர்க்கரையை எலும்புக்கரியில் வெளுக்கிறார்கள் என்ற அயல்நாட்டுக் கவலையை இங்கே கொண்டுவர வேண்டாம். நம் ஆலைகள் பெரும்பாலும் சுண்ணாம்பும் கந்தகப் புகையும்தான் பயன்படுத்துகின்றன.

பேக்கரியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பிரெட், பன், ரஸ்க் எல்லாவற்றிலும் பால்பவுடரை எதிர்பாருங்கள், பப்ஸின் பளபளப்பு முட்டை. கடலைமிட்டாய், எள்ளுருண்டை, எண்ணெயில் சுட்ட அதிரசம் போதும்.

இனி மலை. அடிவாரத்தில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு 20 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறினால் சிலருக்கு வேறு பிரச்சினை வரும். ஆகவே பாதி வயிறுக்கு இட்லி, மீதிக்கு ஒரு புளியோதரைப் பொட்டலம். புளியோதரைக்கு நல்லெண்ணெய்தான், மாலை வரை கெடாது. ஏற்காட்டு உணவகங்களின் பட்டியல் வெளியூர்க்காரர்களுக்காகவே எழுதியது போல் இருக்கும்: பன்னீர் பட்டர் மசாலா, மலாய் கோஃப்தா, தால் மக்கனி. இவற்றில் எதை நீக்கினாலும் மிச்சம் இருக்காது. மஞ்சள் பருப்பு தால் தட்கா, ஜீரா ஆலு, வெண்டைக்காய் வறுவல் இருந்தால் "எண்ணெய்ல தாளிச்சு, கிரீம் போடாம" என்று வாங்கலாம். அந்தத் தாளிப்பு ஆர்டர் கொடுத்த பிறகுதான் நடக்கிறது என்பதால் மாற்றுவது சுலபம். குருமா காலையிலேயே பெரிய அண்டாவில் வெந்துவிட்டது, அதில் கேட்டுப் பயனில்லை. மலையில் இட்லி மாவையும் ஒரு வார்த்தை கேளுங்கள். குளிரில் மாவு எழும்பச் சுணங்கும். அவசரத்துக்குப் புளித்த மோர் ஒரு கரண்டி விடுகிறவர்கள் உண்டு. வெதுவெதுப்பான அடுப்பு மேடை ஓரத்தில் மாவுப் பாத்திரத்தைச் சாக்கில் சுற்றி வைத்தால் அந்தக் கரண்டி தேவைப்படாது.

ஏரிக்கரையிலும் லேடீஸ் சீட் பக்கமும் மிளகாய் பஜ்ஜி சூடாகக் கிடைக்கும். கடலைமாவு, அரிசிமாவு, மிளகாய்த்தூள், சோடாவுப்பு, தண்ணீர், வேறு ஒன்றுமில்லை. பிரெட் பஜ்ஜி மட்டும் பிரெட்டால் கெடுகிறது. அதே சட்டியில் முட்டை போண்டாவோ கோழியோ வேகிறதா என்று எட்டிப் பாருங்கள்; வெங்காய பஜ்ஜி மட்டும் போடுகிற கடை நாலு தப்படி தள்ளியே இருக்கும். மக்காச்சோளத்தைக் கரியில் சுட்டு எலுமிச்சை, உப்பு, மிளகாய்த்தூள் தேய்த்துத் தருவது சரி. கப்பில் போட்டுத் தரும் ஸ்வீட் கார்னில் வெண்ணெய். பட்டர் ஃப்ரூட்டில் (அவகேடோ) பட்டர் கிடையாது. ஆனால் பட்டர் ஃப்ரூட் ஜூஸில் பால் உண்டு! தண்ணீர் விட்டு அடித்தாலும் அது கெட்டியாகவே வரும், பால் அங்கே வெறும் பழக்கதோஷம். பழத்தையே பிளந்து உப்பும், இதே மலையில் விளைந்த மிளகும் தூவிச் சாப்பிடுவது இன்னும் உத்தமம்.

எஸ்டேட் காப்பிக்குப் பெயர்போன மலையில் சோயாப்பால் வைத்திருக்கும் சில காப்பிக்கடைகளுக்கு ஒரு குறிப்பு. சோயாப்பால் காப்பியில் திரிவது பாலின் குற்றமல்ல, வரிசையின் குற்றம். கொதிக்கிற டிகாஷனில் குளிர்ந்த சோயாப்பாலை ஊற்றினால் சூடும் காப்பியின் புளிப்பும் சேர்ந்து அதைத் தயிராக்கிவிடும். பாலைக் கொதிக்கவிடாமல் சூடாக்கி முதலில் டம்ளரில் ஊற்றி, கொஞ்சம் ஆறிய டிகாஷனை மெதுவாக அதன் மேல் விட வேண்டும்.

தயிர்சாதம் இல்லாமல் சாப்பாடு முடியாது என்கிறவர்களுக்கும் நிலக்கடலைத் தயிர் என்று ஒரு வழி இருக்கிறது; மனமிருக்கும் ஓட்டல்கள் செய்து பார்க்கலாம். 200 கிராம் நிலக்கடலையை இரவு ஊறவைத்து, தோல் நீக்கி, 800 மில்லி தண்ணீர் விட்டு நைசாக அரைத்து வடிகட்டி, சிறு தீயில் கிளறிக்கொண்டே பத்து நிமிடம் காய்ச்ச வேண்டும். விட்டால் அடி பிடிக்கும். விரல் பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் பச்சைமிளகாய்க் காம்புகள் எட்டுப் பத்து போட்டு மூடி வையுங்கள். முதல் ஈடு காரலாகவும் நீர்த்தும் இருக்கும், அதை உறைமோராக மட்டும் வையுங்கள். இரண்டாம் ஈடு நன்றாகத் தோயும். சேலத்து வெயிலில் ஆறேழு மணி நேரம், ஏற்காட்டில் அதைப் போல் இரண்டு மடங்கு.

நனிசைவக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணிக்கு, இலைக்கு ஆள் நிற்கும் பந்தியில் உட்கார்ந்துகொண்டு சாம்பாரின் பூர்வீகத்தை விசாரித்தால் யார் பதில் சொல்வார்கள்? பதினொன்றரைக்குள் போங்கள், அல்லது மூன்று மணிக்கு டிபன் தொடங்கும்போது. செயலி மூலம் வரவழைத்தால் 'வீகன்' என்று எழுதாமல் 'நெய், தயிர், வெண்ணெய் வேண்டாம்' என்று எழுதுங்கள். அந்தச் சீட்டைப் படிக்கிறவர் அடுப்படியில் நிற்கிறார்.

உணவக உரிமையாளர்களிடம் கேட்பது இது ஒன்றுதான். 10 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை உள்ள உணவகங்களும் மத்திய உரிமம் பெற்றவையும், பால், முட்டை உள்ளிட்ட ஒவ்வாமைப் பொருட்கள் எந்த உணவில் உண்டு என்று வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது. தனிக்கடைகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இல்லாவிட்டாலும், 'இன்றைய ஸ்பெஷல்' எழுதும் பலகையில் பாலோ நெய்யோ தயிரோ சேர்ந்த பண்டத்தின் பக்கத்தில் 'பா' என்று ஓர் எழுத்துப் போட்டுவிடுங்கள். எதை எதில் தாளித்தோம் என்று மாஸ்டருக்குக் காலை ஆறு மணிக்கே தெரியும், அவரையே எழுதச் சொல்லலாம். நாலு நாள் கழித்து மெனு மாறினால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி எழுதிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம் - 7